பிள்ளையின் வளர்ச்சிக்கு ஒரு தனிக் கணக்கு

பினாங்கு மாநிலம், நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ளது பைராம் தோட்டம். கரும்பும் பின்னர் ரப்பரும் செழித்த மண் அது. அத்தகைய தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். காய்ச்சல் என்றால் டிரெஸர் மருந்து கொடுப்பார். ஆனால் இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால்? "இவன் அப்பன் பேசினதே மூணு வயசுலதான்" என்று பாட்டி தேற்றுவார். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆயாக் கொட்டகையும் தோட்ட மருத்துவமனையும் துரைமார்களின் இரக்கத்தை மட்டும் நம்பி நிலைக்கவில்லை. தொழிலாளர் சட்டங்கள் அவற்றை முதலாளியின் கடமையாக்கின. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சொக்சோ வந்தது. வேலையில் கைகால் போனால் இழப்பீடு கிடைத்தது. பிள்ளையின் பேச்சுக்கும் நடைக்கும் மட்டும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

செல்வ நாடான அமெரிக்காவிலும் இதே குறை இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் 1967-லேயே வளர்ச்சிப் பரிசோதனை சேர்க்கப்பட்டது. ஆனால் தடுப்பூசி, எடை, உயரம், வளர்ச்சி என அனைத்துக்கும் ஒரே கட்டணம் என்றால், அவசரத்தில் முதலில் விடுபடுவது எது? கேள்வித்தாளை வைத்துப் பெற்றோரிடம் பொறுமையாக விசாரிக்கும் வேலைதான். வட கரோலினா மாநிலம் 2000-இல் ஒரு முன்னோட்ட முயற்சியைத் தொடங்கியது. கிளினிக்குகள் இப்பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் கோர வழி செய்யப்பட்டது. 2004-இல் மாநிலம் முழுவதும் அது நடைமுறையானது. 2006-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 9, 18, 30 மாதங்களில் எல்லாப் பிள்ளைகளையும் முறையாகப் பரிசோதிக்கப் பரிந்துரைத்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு தனியார் காப்புறுதி நிறுவனங்களும் பெற்றோரிடம் காசு வாங்காமல் இச்செலவை ஏற்க வேண்டியதாயிற்று.

மலேசியாவில் அரசாங்க கிளினிக்குகள் ஒன்றரை வயதிலேயே ஆட்டிசக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகின்றன. 2023 முதல் இத்தகைய மதிப்பீட்டிற்கும் பயிற்சிக்கும் 4,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு தரப்பட்டது. பின்னர் அத்தொகை உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு வரி விலக்கால் என்ன பயன்? தனியார் மருத்துவ அட்டைகளோ பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். பேசாத பிள்ளை வார்டில் படுப்பதில்லையே!

ஆயாக் கொட்டகை சட்டத்தில் எழுதப்பட்ட பிறகே உரிமையானது. காப்புறுதிப் பத்திரத்திலும் வளர்ச்சிப் பரிசோதனை என ஒரு தனி வரி எழுதப்பட வேண்டும். பாட்டியின் ஆறுதல் பிள்ளைக்கு வேண்டும்தான். அதோடு பரிசோதனையும் வேண்டும்.