சின்ன எஞ்சினுக்கு என்ன தீனி?

அறுபத்துமூவர் என்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாயன்மார்கள் பவனி ஞாபகம் வரும், நீர்மோர் ஞாபகம் வரும், நெரிசலில் தொலைந்த செருப்பு ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு தகரப் படகு. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், மாடவீதி ஓரத்தில் ஒரு அகலமான தண்ணீர்த் தட்டு. அதில் "டப டப டப" என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் படகு. சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. எண்ணெயில் நனைத்த ஒரு திரி, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் தாத்தாதான் எனக்கு அதை வாங்கித் தருவார். அவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. படகு ஓடினால் ரயில் ஏன் ஓடாது? ஒரு பழைய தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியை எம்-சீல் வைத்து அடைத்து, பால்பாயின்ட் பேனா ரீஃபில் ஒன்றைக் குழாயாகச் சொருகி அடுப்பில் வைத்தேன். தாத்தா பார்த்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, டப்பா ஆறும் வரை யாரையும் சமையலறைப் பக்கம் விடவில்லை.

"அது பொம்மை இல்லடா, வெடிகுண்டு!"

"அப்போ படகு மட்டும்?"

"படகுல குழாய் ரெண்டும் திறந்தே இருக்கு. நீ மூடிட்ட."

அந்தப் பதில் எனக்கு முழுசாகப் புரிய ஏழெட்டு வருஷம் ஆனது. பி.காம் படிக்கிறவனுக்கு பாய்லர் எதற்கு என்று கேட்காதீர்கள் :-) புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

படகின் கதை சின்னது. தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891-ல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டார். ஒரு சின்னக் கொதிகலன், அதிலிருந்து படகின் பின்பக்கம் போகும் குழாய். திரி சுட்டதும் உள்ளே இருக்கும் துளித் தண்ணீர் ஆவியாகி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் மறுபடி உள்ளே ஏறும். வெளியே போகும்போது ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிறது, உள்ளே வரும்போது நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசத்தில்தான் படகு முன்னேறுகிறது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. குழாய் திறந்தே இருப்பதால் அழுத்தம் சேரவும் வழியில்லை. அதனால்தான் தாத்தா அதைத் தைரியமாக என் கையில் கொடுத்தார்.

ரயில் எஞ்சின் அப்படியில்லை. பிஸ்டனைத் தள்ள வேண்டும் என்றால் ஆவியை அடைத்து வைத்தே ஆக வேண்டும். வீட்டுக் குக்கரில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம். மேஜை மேல் ஓடும் நீராவி எஞ்சினுக்கே 3, 4 கிலோ வேண்டும். ஆளை இழுக்கிற மாடல் என்றால் 5, 6 கிலோ. மின்சார மோட்டார் வைத்த பொம்மை இல்லை, நிஜ நீராவியில் ஓடுவது என்பதைச் சொல்லத்தான் வெளிநாடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கு 'லைவ் ஸ்டீம்' என்று பெயர்.

இதில் முதல் பிரச்சினையே தீனிதான். அண்டா வெந்நீர் ராத்திரி வரை சூடாக இருக்கும். டபரா காபி பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். எஞ்சினும் அப்படியே. நிஜ எஞ்சினை 32-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு 1,024-ல் ஒரு பங்காகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரோ 32,768-ல் ஒரு பங்காகிவிடுகிறது. இருக்கிற கொஞ்சம் தண்ணீருக்கு ஆறுவதற்கான தோல் 32 மடங்கு அதிகம்! நிலக்கரியும் இதே கதைதான். பெரிய அடுப்பில் கங்குகள் ஒன்றையொன்று சூடாக வைத்திருக்கும். தீப்பெட்டி அளவு அடுப்பில் நாலு துண்டு கரி அணைந்துபோகும்.

அதனால் ஆரம்பத்தில் எல்லோரும் ஸ்பிரிட் விளக்கைத்தான் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் பித்தளை பொம்மை எஞ்சின்கள் வந்தன. தரையெல்லாம் தண்ணீர் ஒழுக விட்டுக்கொண்டே ஓடும் என்பதால் 'டிரிப்ளர்' என்று கேலிப் பெயர். எஞ்சின் கவிழ்ந்தால் எரிகிற ஸ்பிரிட் கம்பளத்தில் கொட்டும். அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்! 1898-ல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் கம்பெனி மாடல்களையும் பாகங்களையும் தபாலில் விற்க ஆரம்பித்தது. சின்ன எஞ்சின் என்றால் ஸ்பிரிட்தான் என்பது பெரிய வல்லுநர்களின் கட்சி. ஹென்றி கிரீன்லி அவர்களில் முக்கியமானவர்.

இதை மறுத்தவர் 'எல்பிஎஸ்சி' என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ். ரயில்வேயில் எஞ்சினோடு வேலை பார்த்த மனிதர். அவர் பார்த்த 'லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட்' ரயில்வேயின் முதல் எழுத்துகளே அந்தப் பெயர். சின்ன எஞ்சினிலும் கரி எரியும், ஆளையும் இழுக்கும் என்றார். 1920-களின் முற்பகுதியில் இந்தச் சண்டை பத்திரிகைப் பக்கங்களில் நாறியது. 'கொதிகலன் யுத்தம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. லாரன்ஸ் வாதத்தோடு நிற்கவில்லை. இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தன் 'ஆயிஷா' எஞ்சினைக் கொண்டுவந்து, கரியில் ஓட்டி, ஆளை உட்கார வைத்து இழுத்தே காட்டிவிட்டார்.

சூட்சுமம் புகைபோக்கியில் இருக்கிறது. பிஸ்டனில் வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியாகச் சீறிப் போகும்போது, அடுப்பின் வழியே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு நெருப்பு. உட்கார்ந்திருந்தால் அணையும், ஓடினால் எரியும். ஆனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆவி ஏது? அதனால் மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியைப் பற்ற வைத்து, புகைபோக்கி மேல் ஒரு குட்டி மின்விசிறியை வைத்துக் காற்றை இழுப்பார்கள். அழுத்தம் ஏறியதும் விசிறியை எடுத்துவிட்டு நிலக்கரி போடுவார்கள். இன்றைக்கு மேஜை அளவு எஞ்சின்கள் பலவற்றில் பியூட்டேன் கேஸ். ஆளை இழுக்கிற சைஸ் வந்துவிட்டால் இன்னும் கரிதான் ராஜா.

இந்தக் கரியா எண்ணெயா சண்டை நம்ம ஊரிலும் உண்டு. இங்கே அது பொம்மையில் இல்லை, நிஜத்தில்! சித்தரஞ்சனில் 1972-லேயே நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு, 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏறும் பல்சக்கரப் பாதையில் ரயிலைத் தள்ள நீராவி எஞ்சின்தான் வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை கிழடு தட்டியதும், திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் 2011-லிருந்து புத்தம் புதிய எஞ்சின்களைத் தாங்களே கட்டினார்கள். தீனி, எண்ணெய். பிறகு 2021-ல் மறுபடியும் கரியில் ஓடும் ஒரு புது எஞ்சினைக் கட்டி வெளியே விட்டார்கள். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் புதுக் கரி எஞ்சின்! எண்ணெய் என்றால் நெருப்பு வால்வுக்குக் கட்டுப்படும். கரி என்றால் ஃபயர்மேனின் கைக்குத்தான் கட்டுப்படும். கரி எஞ்சின் மட்டும் இருந்தால் போதாது, அந்தக் கையும் இருக்க வேண்டும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் தீனியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஹைட்ராலிக் டெஸ்ட் பண்ணுவாங்களா?" என்றார். பண்ணுகிறார்கள். வெளிநாட்டு மாடல் கிளப்புகளில் புதுக் கொதிகலனுக்குள் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். தண்ணீர் அமுங்காது. அதனால் தையல் விட்டால் ஒழுகும், வெடிக்காது. ஆவியில் சோதித்தால் பிழைக்க முடியாது. இங்கே 1923-ன் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டமே வந்துவிட்டது. அதிலும் 25 லிட்டருக்குக் குறைந்த கொதிகலன் கணக்கில் வராது. அதாவது, நீங்கள் வீட்டில் ஒரு குட்டி எஞ்சின் செய்தால் இன்ஸ்பெக்டர் வரமாட்டார். இன்ஸ்பெக்டரும் நீங்களேதான்.

நான் இத்தனை நாளும் எஞ்சின் செய்யக் காசு வேண்டும், லேத் வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காமர்ஸ் புத்தி! லேத்தை வாடகைக்கு எடுக்கலாம். செப்புத் தகடு பாரிமுனையில் கிடைக்கும். மூடின பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லும் ஆள் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டார். என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். வயசு 81. எட்டாம் வகுப்பில் டப்பாவைப் பிடுங்கியதோடு அவரிடம் கேட்பதையே நான் நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையது.

போன வாரம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் கொதிகலன் படம் வரைந்திருக்கிறார். சேஃப்டி வால்வு ஒன்று போதாதாம், இரண்டு.

உங்கள் வீட்டிலும் பெரம்பூர், பொன்மலை, கோல்டன் ராக் என்று பேசும் தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேச்சை ஆரம்பிக்க வழி தெரியவில்லையா? ஒரு தகரப் படகு வாங்கிக்கொண்டு போங்கள்.