ராமானுஜரை வெள்ளை உடையில் தப்ப வைத்த 'கிருமிகண்ட சோழன்' யார்?

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே இப்போது கார் கம்பெனி, செல்போன் கம்பெனி, ஷிஃப்ட் பஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரை உற்சவத்தின்போது, காவி உடுத்தும் துறவியான ராமானுஜருக்கு வெள்ளை வஸ்திரம் சாத்துவார்கள். இந்த ஊரில் பிறந்த அவர், ஒரு சோழ மன்னனுக்குத் தப்பி ஸ்ரீரங்கத்தை விட்டு வெள்ளை உடையில் வெளியேறியதன் நினைவு அது. பெயரே 'வெள்ளை சாத்துப்படி'.

கதை என்ன?

'சிவனுக்கு மேல் தெய்வமில்லை' என்று எழுதி, அதில் கையெழுத்துப் போடச் சொன்னானாம் மன்னன். ராமானுஜரின் காவியை உடுத்திக்கொண்டு, அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போனவர் சீடர் கூரத்தாழ்வான். காஞ்சிபுரம் பக்கத்து கூரம்தான் இவர் ஊர். 'சிவம்' என்பது ஓர் அளவையின் பெயரும்கூட. அதைப் பிடித்துக்கொண்டு, 'அதைவிடப் பெரிய அளவு துரோணம் இருக்கிறதே' என்று எழுதிக் கொடுத்தாராம். விளைவு, அவரும் வயதான பெரிய நம்பியும் கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். ராமானுஜரோ ஹொய்சள நாட்டுக்குப் போய் மேல்கோட்டையில் தங்கினார்.

பிறகு அந்த மன்னன் கழுத்தில் புழு வைத்துச் செத்தான் என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள். 'கிருமிகண்டன்' என்பது அப்படி வந்த பட்டம்தான். எந்தச் சோழ மன்னனும் தன் கல்வெட்டில் இப்படி ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படின்னா எந்த மன்னன்?

இங்கேதான் சிக்கல். 1070-ல் சில மாதங்களே ஆண்ட அதிராஜேந்திரன் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் ராமானுஜருக்கு ஆதரவு தந்ததாகச் சொல்லப்படும் விஷ்ணுவர்த்தனன் ஆட்சிக்கு வந்ததே 1108 வாக்கில். காலக்கணக்குக்கு ஓரளவு பொருந்துபவன், 1070 முதல் ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்ட முதலாம் குலோத்துங்கன். ஆனால் இவன் சுங்கம் தவிர்த்தவன். நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு இவன் தந்த கொடை செப்பேட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலிலும் இவன் காலத்துக் கல்வெட்டுகள் ஏராளம். மத வெறியன் என்று சொல்ல இவை இடம் தரவில்லை.

கடலில் போட்ட பெருமாள்

1133-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் குலோத்துங்கன் கதை வேறு. சிதம்பரம் நடராஜர் கோயிலில் இருந்த கோவிந்தராஜப் பெருமாள் சிலையைப் பெயர்த்துக் கடலில் போட்டவன் இவன். இதைச் சொல்வது எதிரிகள் இல்லை. அவனது அரசவைக் கவிஞர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடியிருக்கிறார். கண் பறித்த கதைக்கு இப்படி அரசன் தரப்புச் சான்று எதுவும் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு மட்டுமே பேசுகிறது. ஆனால் இவன் முடிசூடியபோது, மரபுக் கணக்குப்படி ராமானுஜருக்கு வயது 116! தாத்தா, பேரன் இருவரின் கதையும் பிற்காலத்தில் ஒரே பெயரில் கலந்துவிட்டது என்று நினைக்கவே அதிக இடமிருக்கிறது. 2008-ல் வந்த 'தசாவதாரம்' படத்தின் தொடக்கக் காட்சியில் வருவது பேரன்தான். சிலையோடு கடலில் வீசப்படும் ரங்கராஜன் நம்பி கற்பனைப் பாத்திரம்.

அதே பேரனுக்கு ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், குன்றத்தூரில் வேறு முகம். அந்த ஊர்க்காரரான சேக்கிழார், 'அநபாயன்' என்ற பெயர் கொண்ட இவனது அமைச்சராக இருந்துதான் பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. அங்கே இவன் கொடியவன் இல்லை, சைவம் வளர்த்த புரவலன்.

சிதம்பரத்தில் கோவிந்தராஜர் மறுபடி பிரதிஷ்டை ஆனது விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில், 1539-ல்.