தொட்டாற்சுருங்கி: பெயரும் செடியும்

தொட்டாற்சுருங்கி, வெயில் படும் புல்தரையில் படர்ந்து பல்லாண்டு வாழும் முட்செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து ஆசியா எங்கும் பரவியது. 1884-இல் தாவரவியல் தோட்டம் அமைந்த பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம், யாரும் நடாமலே சாலையோரப் புல்லுக்குள் வளர்ந்து கிடக்கும்.

இளஞ்சிவப்புப் பந்துபோலத் தெரிவது ஒரு பூவன்று. பல சிறு பூக்களின் திரள். அந்த நிறம் இதழினுடையதும் அன்று, நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்களுடையது. காயின் விளிம்பில் முள்மயிர் உண்டு. முற்றியதும் காய் துண்டு துண்டாக உடைந்து, துணியிலும் ஆடுமாடுகளின் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

இலைக்காம்பின் அடியில் ஒரு புடைப்பு இருக்கிறது. இலையைத் தொட்டவுடன் மின்குறிப்பு அங்கே பாய்கிறது. கீழ்ப்பக்க உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. விறைப்பு இழந்த காம்பு தொய்ந்து விழுகிறது. சிற்றிலைகளின் அடியிலும் இதே ஏற்பாடுதான். அவை இணை இணையாக மூடிக்கொள்கின்றன. சில நிமிடங்களில் இலை மறுபடி விரியும். இரவில் தொடாமலே மூடியிருக்கும்.

இதற்கு மலாயில் செமாலு என்று பெயர். மாலு என்றால் வெட்கம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இட்ட மிமோசா புடிகா என்ற அறிவியல் பெயரிலும், வடமொழி லஜ்ஜாலுவிலும் அதே நாணம்தான். தமிழ்ப்பெயர் செடிக்கு மனித உணர்ச்சியை ஏற்றவில்லை. ‘தொட்டால்’ என்ற நிபந்தனையும், ‘சுருங்கு’ என்ற வினையும், மரங்கொத்தி, வானம்பாடி ஆகியவற்றில் வரும் அதே ‘இ’ விகுதியும் சேர்ந்து, நடப்பதை நடந்த வரிசையிலேயே சொல்கின்றன. அறிவியலுக்கு இதைவிடப் பொருந்திய பெயர் அமைவது அரிது. பேச்சுவழக்குத் ‘தொட்டாச்சிணுங்கி’யில்தான் உணர்ச்சி புகுந்தது. சட்டென்று முகம் வாடும் ஆளுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது அதனால்தான்.

செயலைச் சொல்லும் பெயர், அதே செயலுடைய வேறு செடிக்கும் எளிதில் போய்விடும். மலையாளத்தில் அப்படியே நடந்தது. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் ‘தொட்டாவாடி’ என்ற பெயரில் வரையப்பட்டிருப்பது வேறொரு செடி. ஒற்றைத் தண்டின் உச்சியில் குடைபோல் இலை விரித்து மஞ்சளாகப் பூக்கும் அதுவும் தொட்டால் இலையை மடக்கும். இன்று மலையாளத்தில் அதன் பெயர் முக்குற்றி. தொட்டாவாடி என்றால் அமெரிக்காவிலிருந்து வந்த முட்செடிதான்.