வரைகலை அட்டைகளின் உருவப் பெருக்கம்

கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டுத் தரும் வரைகலை அட்டை, பேச்சு வழக்கில் கிராபிக்ஸ் கார்டு, கால் நூற்றாண்டில் பல மடங்கு பருத்துவிட்டது. 1999-இல் என்விடியா வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256 மதர்போர்டின் ஒரே ஸ்லாட்டில் அடங்கியது. தனி மின்கம்பியும் அதற்குத் தேவைப்படவில்லை. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இன் நீளம் 304 மி.மீ., எடை 2 கிலோவுக்கு மேல். மூன்று ஸ்லாட்டுகளின் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

பருத்தது சிப் அன்று. 4090-இன் சிப்பில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தும் அதன் பரப்பு ஏறத்தாழ 608 ச.மி.மீ., ஒரு தபால்தலை அளவுதான். மற்றதில் பெரும்பகுதி குளிர்விக்கும் அமைப்பு: ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகடுகள், வெப்பக் குழாய்கள், விசிறிகள். இவ்வளவு குளிர்விப்பு தேவைப்படக் காரணம் மின்செலவு.

டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கேற்ப மின்செலவும் குறையும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன்பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டியிருந்தனர். 2000-களின் நடுவில் இந்தக் கணக்கு பொய்த்தது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, மின்செலவு அதே வேகத்தில் இறங்கவில்லை. ஜிடிஎக்ஸ் 1080 (2016) 180 வாட் எடுத்தது. ஆர்டிஎக்ஸ் 3090 (2020) 350 வாட். 4090 450 வாட். மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவதோ 75 வாட் மட்டுமே. மீதியைத் தனி இணைப்பான் கொண்டுவர வேண்டும். 600 வாட் வரை தாங்கும் புதிய 16 முனை இணைப்பான் 4090 வெளியான சில வாரங்களிலேயே சில கணினிகளில் உருகியது. பின்னர் அதன் வடிவம் திருத்தப்பட்டது.

உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதைச் சின்ன விசிறியாலும் வெளியேற்றலாம், ஆனால் காது தாங்காது. 2003-இன் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா தன் இரைச்சலுக்காகவே கேலிக்குள்ளானது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும். அதற்கு அகன்ற ஹீட் சிங்க் வேண்டும். ஆகவே இந்தப் பருமனில் ஒரு பங்கு, அமைதிக்காகக் கொடுக்கும் விலை.

இன்னொரு பங்கு கடைசிச் சொட்டு வேகத்துக்கானது. 4090-இல் உள்ள அதே வகைச் சிப்பைக் கொண்ட ஆர்டிஎக்ஸ் 6000 அடா, 300 வாட்டில் இரண்டு ஸ்லாட்டுக்குள் 267 மி.மீ. நீளத்தில் அடங்கிவிடுகிறது. தொழில்முறைப் பணிகளுக்கான அட்டை அது. கணினி விளையாட்டுச் சந்தையில் அந்த அடக்கத்துக்கு மதிப்புக் குறைவு.

ஒரு முனையில் திருகாணியும் அடியில் ஸ்லாட்டும் மட்டுமே பிடித்திருப்பதால் கனத்த அட்டைகளின் மறுமுனை தொய்கிறது. பல தயாரிப்பாளர்கள் முட்டுக்கொடுக்கும் தாங்கியையும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். பழைய கேபினெட்டுகளில் இவற்றின் நீளத்துக்கு இடமிருப்பதில்லை.

2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இல் என்விடியா தன் சொந்த வடிவத்தை இரண்டு ஸ்லாட்டுக்குக் குறைத்தது. சர்க்யூட் போர்டைச் சுருக்கி நடுவில் வைத்து, இருபுறத் தகடுகளையும் காற்று ஊடுருவிச் செல்ல வழிவிட்டது. மின்செலவு மட்டும் 575 வாட்டுக்கு ஏறியிருக்கிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும் அமைப்பு இது. அதே சிப்பைக் கொண்டு பிற நிறுவனங்கள் தயாரிக்கும் 5090 அட்டைகளில் பெரும்பாலானவை மூன்று ஸ்லாட்டும் அதற்கு மேலும் பருத்தே வருகின்றன.