யார் ஜெயிப்பாங்க?

சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஆரம்பிப்பதற்கு முன்பே, சாலையோரம் ஒரு பழைய நுழைவு வளைவு தனியாக நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ்! டி.ஆர்.சுந்தரம் நடத்திய சினிமா சாம்ராஜ்யத்தின் அடையாளம்.

எம்.ஜி.ஆர். இந்த கம்பெனிக்கு நடித்தது 'மந்திரி குமாரி' (1950), 'சர்வாதிகாரி' (1951). சிவாஜிக்கு 'திரும்பிப் பார்' (1953). ஆனால், ரெண்டு பேரையும் சேர்த்து இங்கே ஒரு படமும் வரவில்லை. ஒருவர் கத்திச் சண்டையில் சூரர், இன்னொருவர் வசனத்தில் சூரர். இரண்டும் வேறு வேறு உலகம். 'ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினா..?' எந்த ரசிகனுக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசைக்குத் தீனி போட்டவர் டி.ஆர்.ராமண்ணா. 1954-ல் வந்தது 'கூண்டுக்கிளி'. எம்.ஜி.ஆரின் மனைவி மீது ஆசைப்படும் நண்பன் வேடம் சிவாஜிக்கு. படம் ஓடவில்லை. அதன்பிறகு இருவரும் சேர்ந்து நடிக்கவே இல்லை!

கோளாறு எங்கே? கதை என்று வந்துவிட்டால் முடிவு வேண்டும். இவர் நல்லவர், அவர் கெட்டவர் என்று தீர்ப்பு சொல்லியாக வேண்டும். சொன்னால், தியேட்டரில் பாதிப் பேருக்கு வயிறு எரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது சினிமா அல்ல, வீடியோ கேம். 1996-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம், வுல்வரின் மாதிரி அமெரிக்க காமிக்ஸ் ஹீரோக்கள். எதிர்ப்பக்கம், கேப்காமின் சொந்தச் சண்டைக்காரர்கள். அதில் நம்மாள் ஒருத்தரும் உண்டு! 1991-லேயே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் அறிமுகமான தால்சிம் என்ற இந்திய யோகி. கழுத்தில் மண்டை ஓட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பராக நீளும் கை கால். யோகாசனத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு மட்டும் கேட்காதீங்க!

காமிக்ஸில் வுல்வரினுக்கு உலோகம் பூசிய எலும்பு. வெட்டுப்பட்டால் தானாக ஆறும் உடம்பு. தால்சிம் எம்மாத்திரம்? ஆனால் ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அந்தப் பெருமையெல்லாம் செல்லாது. திரையின் மேலே உயிரைக் காட்டும் கோடு இரண்டு பக்கமும் ஒரே நீளம்தான்.

இங்கே தீர்ப்பு எழுத டைரக்டர் கிடையாது. பட்டனைத் தட்டுகிற நீங்கள்தான் எல்லாம். தோற்றாலும், தோற்றது உங்கள் விரல். உங்கள் ஹீரோ அல்ல! அவர் மானம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த காசைப் போட்டால் மறுபடி முதல் ரவுண்டு. 1998-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்' என்று இந்த வரிசை நீண்டதில் ஆச்சரியம் என்ன?

ரசிகன் கேட்பது முடிவை அல்ல, மோதலை. 'எம்.ஜி.ஆரா, சிவாஜியா?' என்று ஆரம்பித்துப் பாருங்கள். 'கூண்டுக்கிளி' வந்து 70 வருஷம் தாண்டியும், அந்தச் சண்டையை விட்டுக்கொடுக்க இரண்டு தரப்பிலும் ஆள் இல்லை!