ஏதிலியர் பிரசாரச் சுவரொட்டிகள் (இலங்கையர் தொடர்பானவை)

புகலிடம் கோருவோரை அரசுகள் நடத்தும் விதத்தைக் கண்டித்தோ, அவர்கள் புறப்படாமல் தடுக்கவோ அச்சிடப்படுபவை. இவ்விரு வகையிலும் இலங்கையரைப் பற்றிய சுவரொட்டிகள் உண்டு.

பின்னணி: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. லுணுகலை, பசறை, மடுல்சீமை முதலிய ஊவாத் தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்தோருக்கும் இதுவே கதி. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாப் பக்கம் ஒதுங்கிய மலையகத்தாரில் ஒரு பகுதியினர், உள்நாட்டுப் போர் முற்றியதும் படகேறித் தமிழக முகாம்களை அடைந்தனர்.

1980கள்: நாடுகடத்தலுக்கு அஞ்சி இங்கிலாந்தின் மான்செஸ்டர் தேவாலயமொன்றில் 1986 டிசம்பரில் தஞ்சம் புகுந்த இலங்கையர் விராஜ் மெண்டிசுக்காக ஒரு பாதுகாப்பு இயக்கம் நடந்தது. தமிழர் போராட்டத்தை ஆதரித்த சிங்களவரான அவரைப் பொலிஸார் 1989 ஜனவரியில் தேவாலயத்துள் புகுந்து பிடித்து, கொழும்புக்கு நாடுகடத்தினர்.

2013–2016: இக்காலத்தைப் பற்றியே சான்றுகள் மிகுதி. 2013 செப்டம்பரில் புகலிடம் கோருவோரின் படகுகளைத் தடுக்க ஆஸ்திரேலியா தொடங்கிய எல்லை நடவடிக்கையின் பகுதியாக, ‘நோ வே’ (‘வழியே இல்லை’) என்ற தலைப்பிட்ட சுவரொட்டி தமிழ், சிங்களம் உள்ளிட்ட 17 மொழிகளில் வெளிவந்தது. சிவப்புப் பெரிய எழுத்து, இருண்ட கொந்தளிக்கும் கடல், நடுவே சிறு படகு. முகம் தெரியும் மனிதர் ஒருவரும் அதில் இல்லை. 2014இல் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 பேர் ஆஸ்திரேலியாவால் ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே அடைத்து வைக்கப்பட்டனர். படகு வரவு குறைந்தமைக்குப் பிரசாரத்துக்கும் பங்குண்டு என்பது ஒரு சாரார் கருத்து. படகுகளைத் திருப்பியனுப்பியதே காரணம் என்பர் மற்றோர்.

மறுதரப்பில் அடிலெய்ட் ஓவியர் பீட்டர் ட்ரூ 2015இல், வருவோரை வரவேற்கும் வாசகத்துடன் 1000 சுவரொட்டிகளைப் பசை வாளியும் தூரிகையுமாக ஊரூராகச் சென்று ஒட்டினார். மறு ஆண்டு, ‘வெள்ளை ஆஸ்திரேலியா’க் குடிவரவுக் கொள்கைக் காலத்து ஆவணக் காப்பகப் புகைப்படமொன்றிலிருந்து மோங்கா கான் என்னும் நடைவியாபாரியின் உருவத்தை எடுத்தாண்டார். தலைப்பாகையும் நிமிர்ந்த பார்வையுமாக நின்ற அவருக்குக் கீழே ‘ஆஸி’ (ஆஸ்திரேலியர்) என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. அரசு ஒட்டியதில் விடுபட்ட முகத்தை இது சுவரில் வைத்தது எனலாம்.

இலங்கையரை எச்சரிக்க ஆஸ்திரேலிய அரசு ராசிபலன் வடிவிலும் பிரசுரம் ஆயத்தம் செய்திருந்தமை 2020 ஜனவரியில் செய்தியானது. பன்னிரு ராசிக்காரருக்கும் அதில் கடற்பயணம் கெடுபலனே.

தமிழகம்: இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. அச்சட்டத்துக்கு எதிரான முழக்கங்கள் அவ்வாண்டு டிசம்பரில் சென்னை பெசன்ட் நகர் வாசல்களில் கோலமாகவும் போடப்பட்டன. போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது.

அண்மைக்காலம்: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயலா ஊரார், 2018இல் தடுத்துவைக்கப்பட்ட தமிழ்க் குடும்பமொன்றுக்காக நடத்திய பிரசாரத்துக்குப் பின், அக்குடும்பம் 2022 ஜூனில் ஊர் திரும்பியது.