பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வெளிநாடுகளிலும் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறீர்கள். திரையில் எந்தப் பட்டன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை 'ஸ்டேட் மெஷின்' முறையில் அமைப்பதாகச் சொல்கிறீர்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அதன் பெயர் தெரியாமலேயே தேர்தல் டியூட்டியில் அதைக் கையாண்டிருக்கிறோம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான் அது.

முதலில் கருத்தைப் பார்ப்போம். ஒரு கருவி எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கிறது. எந்த நிலையில் எந்தப் பட்டனுக்குப் பதில் தர வேண்டும், அதன்பின் எந்த நிலைக்கு மாற வேண்டும் என்று முன்பே வகுத்துவிட்டால் அது நிலை இயந்திரம். அமெரிக்காவில் ஜார்ஜ் மீலி 1955-லும் எட்வர்ட் மூர் 1956-லும் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள்.

இப்போது வாக்குச்சாவடிக்கு வாருங்கள். மேஜை மேல் கன்ட்ரோல் யூனிட், மறைப்புக்குள் பேலட் யூனிட். அலுவலர் 'பேலட்' பட்டனை அழுத்தினால் இங்கே சிவப்பு விளக்கு, அங்கே பச்சை விளக்கு. வாக்காளர் நீலப் பட்டனை அழுத்தியதும் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்து, 'பீப்' சத்தம் வந்து, இயந்திரம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் பத்துத் தடவை அழுத்தினாலும் இரண்டாவது வாக்கு விழாது. அலுவலர் மறுபடி 'பேலட்' அழுத்தினால்தான் அடுத்த வாக்கு. மாலையில் 'குளோஸ்' அழுத்தினால் அதன்பின் ஒரு வாக்கும் ஏறாது. 'குளோஸ்' ஆகாமல் 'ரிசல்ட்' வராது. விரல் யாருடையது என்று இயந்திரம் பார்ப்பதில்லை. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று மட்டும் பார்க்கிறது. 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற கொள்கையை இந்தச் சிறிய பூட்டு காக்கிறது.

இனி வரலாறு. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979-ல் மாதிரி இயந்திரத்தை உருவாக்கியது. 1980 ஆகஸ்ட் 6 அன்று தேர்தல் ஆணையம் அதை அரசியல் கட்சிகளுக்குச் செய்து காட்டியது. பெங்களூரு பெல் நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தது. நம் எழுத்தாளர் சுஜாதா அங்கே பொறியாளராக இருந்தபோது இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்தார். கதைகளில் கணினியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் வாக்குச்சாவடிக்கும் ஒரு கருவி தந்தார் என்பது நமக்குப் பெருமை.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறையாக இதைப் பயன்படுத்தினார்கள். சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுதேர்தல் நடத்தச் சொன்னது. சட்டத்தில் வாக்குச்சீட்டுதான் இருக்கிறது, இயந்திரத்துக்கு இடமில்லை என்பதே காரணம். மறுதேர்தலில் ஜோஸ் வென்றார். ஒரு படி தாண்டாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்ற விதி இயந்திரத்துக்குள் இருந்தது; அதைக் கொண்டு வந்தவர்கள் சட்டம் என்ற படியைத் தாண்டாமல் போனார்கள். 1988-ல் சட்டத்தைத் திருத்தி 61ஏ பிரிவைச் சேர்த்த பிறகே வழி திறந்தது.

1998-ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் இயந்திரம் வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. அதுவரை வாக்குச்சீட்டை மடிக்கச் சொல்லிக்கொடுத்த நாங்கள், பயிற்சி வகுப்பில் மாணவர்களாக உட்கார்ந்து பட்டன் வரிசையைப் படித்தோம். 2004-ல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் இதில்தான் நடந்தது. 2011-ல் ஆவடியும் அம்பத்தூரும் தனித்தனித் தொகுதிகளாக முதல் தேர்தலைச் சந்தித்தபோது, இங்கே அது பழகிய பொருளாகிவிட்டது.

இதற்கிடையில் 1987-ல் இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ஹாரெல் நிலைகளைப் படமாக வரையும் முறையை வெளியிட்டார். போர் விமானப் பொறியாளர்களுடன் வேலை செய்தபோது பிறந்த முறை அது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் டிஜிட்டல் கைக்கடிகாரம். மணி காட்டும்போது ஒரு வேலை செய்யும் பட்டன், அலாரம் வைக்கும்போது வேறு வேலை செய்யும். கணினித் திரைகளை இம்முறையில் அமைப்பது பற்றி இயான் ஹாராக்ஸ் 1999-ல் ஒரு புத்தகமே எழுதினார். நீங்கள் இன்று செய்யும் வேலை அந்த வழியில் வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். அந்த வாக்குகளை 'கிளியர்' செய்த பிறகே உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். மாதிரி வாக்கு எது, மக்கள் வாக்கு எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அது மனிதர்கள் காக்க வேண்டிய வரிசை. அதனால்தான் முகவர்களின் கையெழுத்தும் முத்திரையும் இன்றும் தேவைப்படுகின்றன.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டும் பட்டனை அவசரத்தில் ஒரு பாட்டி இரண்டு முறை அழுத்தினாலும் பணம் ஒரு முறைதான் போக வேண்டும். அழுத்தியவரைக் குறை சொல்லாதீர்கள். இரண்டாவது அழுத்தலுக்குப் பதில் தராத நிலையை நீங்கள் வகுத்து வையுங்கள்.

தேர்தல் பணி செய்தவர்களும் இத்துறையில் இருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.